தீம் பார்க்கில் வாழை மரம்

திருத்தணியில் வெயில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் அடிக்கும். பந்தல் பாவாவை மட்டும் அது தேடி வந்து அடிப்பதாக அந்த மனுஷன் கடைசிவரை நம்பினார். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் அவர் பாவா முறை, அதாவது அத்தான் முறை, கிடையாது. ஆனாலும் பல் போன கிழவிகள்கூட அவரை "பாவா" என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் பந்தல் போடுவது. தன் சைக்கிளை நிறுத்தினால்கூட அதன்மேல் ஒரு தென்னங்கீத்தைச் சாத்திவிட்டுத்தான் நகர்வார். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்து பாடையைத் தூக்கியபோது, "நெழல் பக்கமா தூக்கினு போங்கப்பா, பாவம், வெயிலே தாங்க மாட்டாரு" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏசி என்றாலே அவருக்கு ஆகாது. "டப்பாவுல அடைச்ச காத்து நைனா அது" என்பார்.

அவரைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிற யோசனை என் மனைவியுடையது. திட்டுவதானால் அவளைத்தான் திட்ட வேண்டும்.

என் தங்கை தேவகியின் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம், எதற்கும் வரமாட்டாள். "நான் எதிர்ல வந்தா நல்லா இருக்காதுண்ணா" என்று சமையலறையிலேயே கிடப்பாள். எப்படியாவது அவளை வெளியே இழுக்க வேண்டும் என்றுதான், கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு பார்க்கில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளம்பினோம். "விசேஷம் ஒண்ணும் இல்லையே?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

என் மனைவி பாவாவையும் கூப்பிட்டிருந்தாள். கத்திரி வெயிலில் கூடாரம் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வேனுக்குப் பின்னாலேயே குட்டியானை வண்டியில் சவுக்குக் கம்பு, கீத்து, கயிறு, மோர்ப்பானை எல்லாவற்றோடும் வந்துவிட்டார். வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"இன்னா சார் இது?"

"நெழலு."

"உள்ள எடுத்துனு போகக் கூடாது சார்."

"வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு போட்டுகிறீங்க. வெளி நெழலு கூடாதுன்னு எங்கனா போட்டுகிறீங்களா? காட்டு, திரும்பிப் போறேன்."

செக்யூரிட்டி போர்டை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்.

கூடாரத்துக்குள் கையை நீட்டினால் இட்லிப் பானைக்குள் நீட்டியதுபோல இருந்தது. பாவா வெளியே மளமளவென்று பந்தலைப் போட்டு முடித்தார். ஜில்லென்று நிழல் விழுந்தது. அடடா என்று நாங்கள் பாயை விரிக்கும்போது, வண்டியிலிருந்து குலை தள்ளிய வாழை மரம் இரண்டை இறக்கி வாசலில் கட்டினாரே பார்க்கலாம்! மாவிலைத் தோரணம் வேறு!

"பாவா, இன்னா பண்ணிக்கினு கிறீங்க?" என்று என் மனைவி அலறினாள்.

"வாழை இல்லன்னா அது கொட்டகைமா. பந்தல்னு எப்படி சொல்றது?"

வாழை மரத்தைப் பார்த்ததும் தேவகி முகம் சுருங்கிவிட்டது. எழுந்து, அந்தக் கொதிக்கிற கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாழையோடு பாவாவையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அதற்குள் ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நனைந்த துணியோடு தண்ணீர் ராட்டினத்திலிருந்து இறங்கியவர்கள், "கல்யாணம் யார் வீட்டுதுங்க? சாப்பாடு எப்போ?" என்று கேட்டபடி பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் மொய் வைக்கப் பையைத் தடவினார்.

பாவா தன் தோல்பைக்குள் கைவிட்டு, சுத்தியலுக்கு அடியிலிருந்து பன்னீர்ச் சொம்பை எடுத்தார். நேராகக் கூடாரத்துக்குப் போனார்.

"தேவகி, ஆளுங்க வந்துகினே கிறாங்க. வாசல்ல நிக்க ஆள் இல்ல. வா."

"நானா? நான் எப்படி பாவா வாசல்ல..."

"ஏம்மா, பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. இந்தக் கல்யாணத்துல நீ நின்னா யாருக்கு இன்னா ஆயிடும்? எழுந்துரு, உள்ள வெந்து போயிடுவே."

தேவகி அவரை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

வாழை மரத்தடியில் வந்து நின்றாள். வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்தாள். ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் பொண்ணோட அம்மாவா?" என்றார்.

"ஆங், வாங்க வாங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றாள் என் தங்கை, கொஞ்சமும் கூசாமல்.

சத்தம் போட வந்த மேனேஜரும் மோர் குடித்தார். குடித்துவிட்டு, குளத்தோரம் இதேமாதிரி ஒன்று போட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாவா இப்போது இல்லை. போன தை மாதம் என் மகள் கல்யாணம், ஏசி மண்டபத்தில். பன்னீர்ச் சொம்போடு வாசலில் நின்றது தேவகி. யாரும் அவளைக் கூப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே, ஓர் ஓரமாக நாலு கீத்து போட்ட சின்னப் பந்தல் ஒன்று இருந்தது. இது எதற்கு என்று அவளைக் கேட்டேன்.

"பாவா வந்தா ஏசியில உக்கார மாட்டாருண்ணா" என்றாள்.

நான் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து அந்த நிழலில் போட்டேன்.