பாலகுமார் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய கதை

தீர விசாரிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கடைக்குப் போய்ப் பல் தேய்க்க ஒரு பிரஷ் கேட்பார். எடுத்துக் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பார், அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பார், பக்கத்தில் தொங்குவதையும் எடுக்கச் சொல்வார், இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்துப் பார்ப்பார், கடைசியில் "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அதே பழைய பிரஷால் பல் தேய்ப்பார். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் பையிலேயே இருக்கும். முடிவுதான் வராது.

இந்த ரகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் போர்ட் பிளேரில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு வசதி. மெயின்லேண்டில் தப்பாக ஒன்றை வாங்கிவிட்டால் மறுநாள் பஸ் ஏறிப்போய் மாற்றிக்கொள்ளலாம். இங்கே பொருள் கடல் தாண்டி வர வேண்டும். கெட்டுப்போனால் மறுபடி கடல் தாண்டிப் போக வேண்டும். ஆகவே நம்மவர் தயங்குவதற்கு நியாயம் இருக்கிறது. கையில் ஒரு நியாயமும் கிடைத்துவிட்ட குழப்பக்காரரை யாரால் அசைக்க முடியும்?

குட்வில் எஸ்டேட்டில் குடியிருக்கும் பாலகுமாரைப் பாருங்கள். அரசு அலுவலகத்தில் வேலை. நல்ல மனிதர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவருடைய மனைவி நளினி வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்கிறார். ஹேவ்லாக் தீவில் டைவிங் நடத்துகிற மல்லிகா மேடம், கடலுக்கடியில் எடுத்த படங்களை ஒரு டிஸ்கில் போட்டு அனுப்பி, "ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கட்கிழமைக்குள்ள பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு பண்ணிக் கொடும்மா. நல்லா வந்தா இந்த சீசன் பூரா உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். சீசன் பூரா என்றால் ஆறு மாத வேலை. நளினி எட்டு வருஷமாகக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்கவிட்டு அலுத்துப்போனவர். இந்த வேலை அவருக்கு எப்படியாவது வேண்டும்.

கம்ப்யூட்டர்தான் சதி செய்தது. திரையில் ஒரு மீன் வாயைத் திறக்கும். அது வாயை மூடுவதற்குள் நளினி போய்க் குக்கரை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்.

"என்னங்க, ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டா ஓடிருமாம். படத்தை இழுக்குறதே அதுதானாம். பார்த்து ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார் நளினி.

பார்த்துச் சொல்லுங்கள் என்று பாலகுமாரிடம் சொல்வது, பசித்தவனைப் பந்தியில் உட்காரவைத்து மெதுவாகச் சாப்பிடு என்று சொல்வதைப் போன்றது. அன்றே ஒரு நோட்டு வாங்கினார். (அதற்கு மட்டும் யோசிக்கவில்லை.) கோடு போட்டார், கட்டம் கட்டினார், மூன்று நாள் அலுவலகத்திலும் வீட்டிலும் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். நாலாம் நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மகா கேள்வி பிறந்தது. பலமான கார்டு ஒன்று வாங்குகிற விலையில் சுமாரான கார்டு இரண்டு வாங்கலாம். ஒன்றா, இரண்டா?

தீவுக்காரர் மனசு இரண்டு என்ற பக்கம்தான் சாயும். கப்பல் வராத வாரங்களைப் பார்த்து வளர்ந்த உடம்பு. வீட்டில் சிலிண்டர் இரண்டு, டார்ச் இரண்டு, மிக்ஸிக்கு ஜார் மூடிகூட உபரியாக ஒன்று. "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல?" என்றார் பாலகுமார். அந்த நேரம் பார்த்து ஒரு வீடியோக்காரர், இரண்டு கார்டு போட்டால் பலம் இரண்டு மடங்கு ஆகாது, ஒன்றின் மெமரி இன்னொன்றோடு சேராது, பாதி வேலைகளில் ஒன்று உழைக்க மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும் என்று போட்டு உடைத்தார். பாலகுமாருக்குத் தன் அலுவலகம் நினைவுக்கு வந்தது. சரி, ஒன்றே என்றார். ஒன்று என்றால் அது மூன்று மின்விசிறி வைத்த நீளக் கார்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையுமா? பிஸ்கட் அட்டையை அதே அளவுக்கு வெட்டி உள்ளே விட்டுப் பார்த்தார். நுழைந்தது. நுழைந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு வோல்டேஜ், உப்புக்காற்று, மழைக்கால ஈரம், வாரண்டி என்று கட்டத்துக்கு மேல் கட்டமாக நோட்டு வளர்ந்தது.

விசாரணை வீட்டோடு நின்றதா? அலுவலகத்தில் கேட்டார், ஆட்டோவில் கேட்டார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார். ஜங்லிகாட்டில் மீன் விற்கிற வங்காளி அம்மாவிடம், "ஏக் படா அச்சா, யா தோ சோட்டா?" என்று, பெரிதாக ஒன்று நல்லதா, சின்னதாக இரண்டா எனக் கேட்டதற்கு, அந்த அம்மா இரண்டு சூரை மீனைத் தூக்கித் தட்டில் போட்டு, "தோ லே லோ தாதா, தாஜா ஹை" என்றார், இரண்டாக எடுத்துக்கொள், புதுசு என்று. நோட்டில் இரண்டு என்ற பக்கத்தில் ஒரு ஓட்டு ஏறியது.

"எதுனாலும் சரிங்க. ஆனா வரணும்" என்றார் நளினி. அவர் அப்போது எடிட்டிங்கைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

வருவதற்கும் வழி இருந்தது. அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஷமீர் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை கப்பலேறி வெள்ளிக்கிழமை வந்து சேருவார். பாலகுமாரோடு வேலை பார்க்கும் இராமகிருஷ்ணனும் மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னையில்தான் இருந்தார். வியாழக்கிழமை விமானத்தில் வருவார். மெயின்லேண்டிலிருந்து முக்கியமான பொருள் வர வேண்டுமென்றால் இரண்டு பேரிடம் சொல்லிவைப்பது தீவு வழக்கம். கப்பல் தாமதமாகும், விமானம் மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். பாலகுமாரும் இரண்டு பேரிடமும் சொன்னார். இருவரிடமும் ஒரே வார்த்தைதான்: "இருங்க, எதுன்னு சொல்றேன்."

ஷமீர் ரிச்சி தெருவில் நின்றுகொண்டு நாலு முறை கூப்பிட்டார்.

"பாலாண்ணே, கடைக்காரன் என்னையப் பார்த்துச் சிரிக்கிறான். ஒண்ணா ரெண்டா? ஜல்தி பதாவோ, சீக்கிரம் சொல்லுங்க."

"ஒண்ணுதான்னு நினைக்கிறேன் ஷமீர்."

"பக்கா?"

"ஏக் மினிட் இரு. ரெண்டு வாங்குனா ஒண்ணு ஸ்பேர்ல இருக்குமே..."

"அண்ணே, செவ்வாய்க்கிழமை கப்பல். நான் சரக்கு கட்டணும்."

"நீ கட்டு, நான் சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் சொல்லவில்லை. திங்கட்கிழமை சென்னையில் தேநீர் குடிக்கும்போது ஷமீரும் இராமகிருஷ்ணனும் பேசிக்கொண்டார்கள். "சார், நீங்க வியாழக்கிழமைதானே கிளம்புறீங்க, டைம் இருக்கு. அண்ணன் முடிவு சொன்னதும் நீங்களே வாங்கிருங்க" என்றார் ஷமீர். இராமகிருஷ்ணன் தலையாட்டினார். ஷமீர் நிம்மதியாகக் கப்பலேறினார். இந்த ஏற்பாட்டைப் பாலகுமாரிடம் யாரும் சொல்லவில்லை. அவர்தான் யார் கூப்பிட்டாலும் கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாரே!

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஞானம் பிறந்தது. ஒன்று. பலமானது. இனி மாற்றமில்லை. பாலகுமாருக்கு உடம்பே லேசாகிவிட்டது. "ஒண்ணுதான், வாங்கிடு ஷமீர்" என்று ஷமீருக்குச் செய்தி அனுப்பினார். "நீங்க வாங்க வேண்டாம் சார், ஷமீர் வாங்கிடுவார்" என்று இராமகிருஷ்ணனுக்கு அனுப்பினார். ஏற்பாடு மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இராமகிருஷ்ணன் உடனே கட்டைவிரலைக் காட்டினார். ஷமீரிடமிருந்து பதில் இல்லை. எப்படி வரும்? கப்பல் நடுக்கடலில், டவர் எட்டாத இடத்தில் போய்க்கொண்டிருந்தது. தீவிலேயே பிறந்து, நாற்பது தடவை கப்பலில் போய்வந்து, மூன்று நாள் போனைப் பாதி நேரம் பைக்குள் போட்டுவைத்தே பழகிய மனிதர், முடிவெடுத்த சந்தோஷத்தில் அதை மறந்துபோனார். வாழ்க்கையில் எப்போதாவது வருகிற சந்தோஷம், பாவம்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்து நிற்கும் ஹாடோ ஜெட்டிக்குக் குடையோடு போய் நின்றார்.

"கார்டா?" என்றார் ஷமீர். "இராமகிருஷ்ணன் சார் கொண்டு வரலையா? அரே அண்ணே, இரு இருன்னு நீங்கதானே சொன்னீங்க!"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நளினி கத்தவில்லை. கத்தியிருந்தால் பாலகுமாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண் நிறைந்தது, துடைத்துக்கொண்டார். டிஸ்கை எடுத்து, மழை பெய்ததால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஷமீரின் தங்கை ஜஸ்னாவைப் போனில் கூப்பிட்டார். ஜஸ்னா கல்யாண ஆல்பம் செய்பவர், அறையில் வேகமான கம்ப்யூட்டர் வைத்திருப்பவர். "அதுக்கென்னக்கா, வாங்க. நான் ராத்திரி உம்மா ரூம்ல படுத்துக்குறேன்" என்றார். நளினி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அங்கேயே இருந்தார்.

ஞாயிறு மாலை பாலகுமார் மனைவியைக் கூட்டிவரப் போனார். திரையில் ஆமை ஒன்று தடங்கலே இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தது. அவரால் அடக்க முடியவில்லை.

"இதுல என்ன கார்டும்மா போட்டிருக்க?"

"தெரியலியேண்ணே" என்றார் ஜஸ்னா. "கடையில போட்டுக் குடுத்தாங்க. ஓடுது."

திங்கட்கிழமை வீடியோ ஹேவ்லாக் போய்ச் சேர்ந்தது. மல்லிகா மேடம் இரண்டு முறை பார்த்துவிட்டு, சீசன் வேலையை நளினிக்கே கொடுத்தார். பாலகுமார் மனம் விட்டுச் சந்தோஷப்பட்டார், அல்வா வாங்கினார். புது உற்சாகத்தோடு நோட்டைத் திறந்து, இதற்குள் புதிதாக வந்துவிட்ட இரண்டு கார்டுகளுக்கும் கட்டம் போட்டார். மறுபடி விசாரிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் அலுவலகம் விட்டு வந்தால், கம்ப்யூட்டர் பெட்டி திறந்து கிடக்கிறது, பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி, நளினி கையில் திருப்புளி. ஷமீர் அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது கொண்டுவந்திருக்கிறார். நளினியோடு மூன்று நிமிஷப் பேச்சில் முடிந்த காரியமாம்.

பாலகுமாருக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நளினி."

"கேட்டேங்க" என்றார் நளினி, திருகாணியை முடுக்கியபடி. "போன மாசம்."

அந்த வீட்டில் இப்போதெல்லாம் எது வாங்கினாலும் நளினிதான் வாங்குகிறார். பாலகுமாரிடம் விலையைக்கூடச் சொல்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அன்பாகத்தான் இருக்கிறார்கள். நளினி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். நோட்டு பாலகுமாரிடம் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அருமையான நோட்டு.

சிரித்துக்கொண்டிருக்கிறீர்களா? நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். இதை ஆரம்பிக்கும் முன் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தீர்கள்தானே? இது ஒன்றைப் படிப்பதா, இதே நேரத்தில் சின்னதாக இரண்டு படித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தீர்கள்தானே? பரவாயில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் கடைசியாக உங்களிடம் "எது வாங்கலாம்?" என்று யார், எப்போது கேட்டார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்குத் தீர விசாரிக்க வேண்டியதில்லை.