ஒரே தொப்பைக்கு இரண்டு அளவு

டேப்போடு யாராவது நெருங்கினால் ஆண்பிள்ளை வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். பல வருட ஆராய்ச்சியில் இதைக் கண்டுபிடித்ததாக என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். ஒரே காலையில், என் சொந்த வயிற்றில் கண்டுபிடித்தது.

மைசூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு வேலை. உடல் பருமனும் ஆண்களின் உடல்நலமும் என் ஆராய்ச்சி. தொப்பை போட்டவர்களுக்கு ஏன் ஹார்மோன் குறைகிறது, ஏன் அசதி, ஏன் தூக்கம் கெடுகிறது (இன்னும் சில ‘ஏன்’கள் உண்டு, அவற்றைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்போம்). அப்போது எனக்கு நாற்பது வயது. என் பொறுப்பில் முதல் ஆய்வு. தொப்பையைக் குறைப்பது பற்றி ஊரெல்லாம் பேசுவேன். மேடைக்கு என் தொப்பை எனக்கு முன்னால் ஏறிவிடும்.

ஆய்வு தொடங்குமுன் எங்கள் அளவெடுப்பைச் சோதிக்கப் பெங்களூரிலிருந்து வேதா மேடம் வந்தார். அவர் தலையாட்டினால்தான் ஆரம்பிக்கலாம். அளப்பவர்கள் இருவர்: டெக்னீஷியன் மஞ்சுநாத், நர்ஸ் ஸ்டெல்லா. ஸ்டெல்லா எங்கள் சர்ச்சுக்காரப் பெண். “அந்த வேலைய விட்டுட்டு வாம்மா, இங்க நல்லா இருக்கும்” என்று நான் சொன்னதை நம்பி, நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

சோதனை எளிது. ஒரே ஆளின் இடுப்பை இருவரும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் அளவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாஸ். அளவு கொடுக்க வருவதாகச் சொன்ன செக்யூரிட்டிக்காரர் மட்டும் வரவில்லை.

“இப்ப யாரை அளக்கறது?” என்றார் மேடம்.

“நான் இருக்கேனே!” என்றேன். (தொப்பைக்கு அடுத்தபடி எனக்கு முன்னால் ஓடுவது என் வாய்.)

மரியாதைக்கு நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் மேடம், பேனாவோடு. இந்தப் பக்கம் நான், சட்டையைத் தூக்கிக்கொண்டு. என் இடுப்பளவு மேடத்தின் நோட்டில் ஏறப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைக் கேட்காமலே வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஸ்டெல்லா வெளியே நிற்க, முதலில் மஞ்சுநாத். எதிலும் வேகம். “தொண்ணூத்தி ரெண்டு. ஆயித்து சார்!” என்று முடித்துவிட்டான்.

அடுத்து ஸ்டெல்லா. நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். விலா எலும்பைத் தேடினாள், இடுப்பெலும்பைத் தேடினாள், நடுவில் பேனாவால் புள்ளி வைத்தாள், முதுகுப் பக்கம் டேப் சாய்ந்திருக்கிறதா என்று சுற்றிப் போய்ப் பார்த்தாள். எனக்குக் கண் இருட்டியது. விட்டுவிட்டேன். நூற்றியொன்று.

இன்னொரு சுற்று. மறுபடி அவன் தொண்ணூற்றிரண்டு, இவள் நூற்றியொன்று.

“என்ன இது? பத்து நிமிஷத்துல டாக்டர் ஒம்பது சென்டிமீட்டர் வளந்துட்டாரா?” மேடம் குரல் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. “மஞ்சுநாத் ரெண்டு வாட்டியும் வேகமா, கரெக்டா முடிச்சுட்டான். இந்தப் பொண்ணுக்கு டேப் பிடிக்கத் தெரியல. வேற ஆளைப் பாருங்க டாக்டர்.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், என் வயிறு இறங்கியதை ஒரு சாண் தூரத்தில் பார்த்தவள். ஆனால் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த நானும் சொல்லவில்லை. சட்டையை இறக்கித் தொப்பையை மூடிக்கொண்டேன்.

“கடைசியா ஒரே ஒரு வாட்டி அளந்துக்கறேன் மேடம்” என்றாள்.

டேப் வந்தது. பாழாய்ப்போன வயிறு மறுபடி உள்ளே போனது.

“சார், காலையில என்ன சாப்டீங்க?” என்றாள் ஸ்டெல்லா, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி.

“ம்ம்” என்றேன்.

“ம்ம்னா என்ன சார்? இட்லியா?”

குரல் சிரித்தது. டேப் பிடித்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் என் வயிற்றில் பட்டது. அதற்கு மேல் தாங்கவில்லை.

“மூணு மசால் தோசை!”

அந்த ‘சை’யோடு என் வயிற்றுச் சாமுண்டி மலையே கீழே இறங்கியது. “மேடம், ஸ்டெல்லா அளந்ததுதான் சரி! நான்தான் மூச்சைப் பிடிச்சுட்டு நின்னேன். மஞ்சுநாத் அளந்தது என் வயித்தை இல்ல, என் மானத்தை!”

ஆய்வு போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. மேடம் சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்தார்.

“ஊருக்கே பாடம் எடுக்கற நீங்களே இப்படின்னா, வர்ற ஆம்பளைங்க?”

“அவங்க இன்னும் ஜாஸ்தி இழுப்பாங்க மேடம்” என்றான் மஞ்சுநாத்.

“ஸ்டெல்லா, அந்தக் கேள்விய மறுபடி சொல்லும்மா. எழுதிக்கறேன்.”

எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் அது இன்றைக்கும் இருக்கிறது: ‘காலை உணவு பற்றிக் கேட்கவும். பதில் முடிந்து, இயல்பாக மூச்சு விட்டபின் அளக்கவும்.’ வாய் பேசும்போது வயிறு பொய் சொல்ல முடியாது. நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. டிபனில் ஆரம்பித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. பில் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர், தூங்கிப் பல மாதம் ஆனவர், மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சுமந்து வந்தவர் எல்லோரும் தொப்பையைத் தளர்த்திய கையோடு மனதையும் தளர்த்தினார்கள். பலர் இளைத்தார்கள், இளைக்காதவர்களும் மாதாமாதம் பேச வந்தார்கள். இன்றைக்கு அளவெடுப்புப் பயிற்சி முழுவதும் ஸ்டெல்லா பொறுப்பு. புதிதாக வரும் டாக்டர்களுக்கு அவள்தான் பாஸ் போடுகிறாள்.

அன்று காலை சாப்பிட்டது ‘இரண்டு இட்லி’ என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மஞ்சுநாத் மூலம் மூன்று மசால் தோசையும் என் மனைவி காதுக்குப் போய்ச் சேர்ந்தன. போன மாதம் மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர் “ரெடி” என்றதும் நான் வழக்கம்போல வயிற்றை இழுத்தேன். மணப்பெண்ணே மாலையோடு திரும்பி, “அப்பா, காலையில என்ன சாப்டீங்க?” என்றாள். குடும்பப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ‘தோ’ என்று வாயைக் குவித்தபடி, தொப்பையை முழுதாக வெளியே விட்டு நிற்கிறேன்.