ரம்மு என்றால் ரம்மியம்

எங்கள் மாமல்லபுரத்தில், நாங்கள் 'இங்கிலீஷ்காரி' என்று கூப்பிடுகிறவளைப் போல் இங்கிலீஷ் பேச ஒருத்தரும் கிடையாது. இங்கிலாந்திலும் கிடையாது. அவளுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அவளுக்குப் புகழ் அதிகம்.

கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் கிளிஞ்சல் மாலை விற்றோம். என் மாலையில் கிளிஞ்சல் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். அவளுடையது இருட்டில் கோத்தது மாதிரி இருக்கும். ஆனாலும் வெள்ளைக்காரர்கள் அவளிடம்தான் போவார்கள். "கம் சார். யூ லுக், ஐ ஹேப்பி. நோ லுக், ஐ ஃபீவர்" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.

மார்கழி தோறும் இங்கிலாந்திலிருந்து ஒரு கிழவர் வருவார். பழுத்த மனிதர், தடி ஊன்றித்தான் நடப்பார். ஒரு நாள் அவள் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டைப் போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றவர் கழுத்தில் மாலையையும் மாட்டிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "யூ ஆர் எ ரம் வுமன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

"கேட்டியா யக்கா? ரம்முனா ரம்மியம். நம்ம தமிழ்தான் அங்க போயி சுருங்கிக்கீது. என்னைய அழகுன்றாரு."

அறுபது வயதில் அவளுக்கு அழகு. எதிரில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயந்திரமே, வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடிடம் போய்க் கேட்டேன்.

"ரம்முனா சரக்கு ஆயா" என்றார். "ஆனா அந்த ஊர்ல வயசானவங்க, ஒரு மாதிரியான, கொஞ்சம் கிறுக்கான ஆளைக்கூட ரம்முனு சொல்வாங்க. இவரு அதைத்தான் சொல்லிக்கீறாரு."

அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

மறுவாரமே அவள் ஆளுயரப் பலகை ஒன்றில் சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில் 'ரம் வுமன்' என்று எழுத வைத்து மாட்டினாள். இடம் போதாமல் 'வுமன்' மட்டும் மூலையில் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் இரண்டு பேர் தண்ணீர் பாக்கெட்டோடு வந்துவிட்டார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி, குவார்ட்டர் வேண்டும் என்றார். கால் மாலை கேட்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"காலு, அரையெல்லாம் அறுத்துத் தர்றதில்ல. எடுத்தா ஃபுல்லு."

அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கையில் கிளிஞ்சல் மாலை வந்ததும் தகராறு. கூட்டம் கூடிவிட்டது. போலீஸ்காரர் வந்தார். பலகையைப் படித்தார். சரக்கு விற்கிற கடையா என்று கூடையைக் கிளறினார். கடையையே எடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்தக் கடையை விட்டால் அவளுக்குச் சோற்றுக்கு வேறு வழி கிடையாது. அவள் வாயில் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் போய்விட்டால் வெள்ளைக்காரர் அத்தனை பேரும் எனக்குத்தான். அதை நினைத்துக்கொண்டேதான் எழுந்தேன். என் கால் என்னவோ நடுக்கூட்டத்துக்குப் போய்விட்டது.

"சார், இது சரக்கு ரம்மு இல்ல. ஒரு மாதிரியான பொம்பளன்னு அர்த்தம். வெள்ளக்காரரு வெச்ச பேரு. இவ ஒரு மாதிரின்றதுக்கு இந்த பீச்சே சாட்சி. வேணும்னா கைடைக் கேட்டுப் பாரு சார்."

கைடு ஆமாம் என்றார். கூட்டம் மொத்தமும் ஆமாம் என்றது. போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் சரியென்று பட்டிருக்க வேண்டும். பலகையை மட்டும் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அழகுன்னு சொல்லிகினு திரிஞ்சியே, அதான்."

"பொறாம புடிச்ச கெயவி" என்றாள். பிறகு தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினாள்.

இப்போது அவள் ஊரப்பாக்கத்தில் மகன் வீட்டோடு இருக்கிறாள். இன்னமும் வெள்ளைக்காரர்கள் என்னிடம் வந்து, எதிர்ப்பக்கம் கையைக் காட்டி அவள் எங்கே என்று கேட்கிறார்கள். "டுமாரோ கமிங்" என்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அதையும் அவளுக்காகத்தான் கற்றுக்கொண்டேன்.