பெரியப்பாவின் விசிலும் என் இரண்டு பம்புகளும்

இரண்டையும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. என் வாழ்க்கையின் மட்டமான யோசனைகள் எல்லாமே வாயில் நுரை இருக்கும்போது வந்தவைதான். துப்பிவிட்டு யோசித்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

பன்னிரண்டு வயதில் என் கணையம் ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டு நின்றுவிட்டது. டைப் ஒன் சர்க்கரை. அன்றிலிருந்து நாளுக்கு நாலைந்து இன்சுலின் ஊசி. போன வருஷம் எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஜீவனஹள்ளி வீட்டையும் அம்மாவின் கண்காணிப்பையும் விட்டுத் தனியாகப் போக வேண்டும். அப்பா கணக்கு வாத்தியார். நிபந்தனை இல்லாமல் அவருக்கு வாக்கியமே வராது.

"ஊசிய மறந்து அங்க மயங்கி விழுந்தா யார் இருக்கா? டாக்டர் சொன்ன இன்சுலின் பம்ப வாங்கிக்க. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணி, மாட்டிப் பழகிக் காட்டு. ஆனா ஒரு கதை வரக்கூடாது ஜெனி. ஒரே ஒரு கதை வந்துச்சுன்னா பூனா கேன்சல்."

(எங்கள் வீட்டில் 'கதை' என்றால் மயக்கம், ஆஸ்பத்திரி, அக்கம்பக்கத்தார் கூட்டம் எல்லாம் சேர்ந்த ஒரே சொல்.)

ஊசிக்குப் பதிலாக உடம்போடு ஒட்டியிருந்து இன்சுலினைச் சொட்டும் பம்பில் இரண்டு ஜாதி. ஒன்று குழாய் உள்ளது. இடுப்பில் செருகும் ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து நூடுல்ஸ் மாதிரி ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குப் போகும். மற்றது குழாய் இல்லாதது. பாதி முட்டையைக் கவிழ்த்து ஒட்டினாற்போல் கையில் உட்கார்ந்திருக்கும். ரிமோட்டால் ஓட்ட வேண்டும். இரண்டு கம்பெனிக்காரர்களும் தனித்தனியாக வீட்டுக்கு வந்து டெமோ கொடுத்தார்கள். குழாய்க்காரர், "அது ஒட்டு மேடம், எப்ப வேணா பிச்சுக்கும்" என்றார். ஒட்டுக்காரர், "அது வயரு மேடம், எங்க வேணா மாட்டிக்கும்" என்றார். போட்டிக்காரனைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு சத்தியமாகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

டாக்டர் சொன்னது தெளிவு. "முதல்ல இன்சுலின் வேண்டாம். ரெண்டுலயும் உப்புத்தண்ணி நிரப்பி, ஒவ்வொண்ணா ஒவ்வொரு வாரம் போட்டுப் பாரு. ஊசிய நிறுத்தாத." ஆனால் புனேக்காரர்களுக்கு அடுத்த திங்களுக்குள் பதில் வேண்டும். இரண்டு வாரம் ஒரு வாரத்துக்குள் அடங்காது என்பது கணக்கு வாத்தியார் மகளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் நுரை.

குழாயை வயிற்றிலும் முட்டையை வலது கையிலும் மாட்டிக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் இரண்டும் ஒரே மெஷினின் பாகங்கள் என்றேன்.

முதலில் ஆரம்பித்தது டிக் சத்தம். முட்டைக்குள்ளிருந்து உப்புத்தண்ணீர் சொட்டும்போதெல்லாம் மிக மெல்லியதாக ஒரு டிக். பகல் சத்தத்தில் கேட்காது. வீடு அடங்கும் மத்தியானத்தில் கேட்கும். அம்மா சமையலறையில் இரண்டு நாள் பல்லி தேடினாள். மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வந்தா வருது. நீ போனா போகுது. என்னடி அது?"

"மெஷின் மா."

"உள்ள யாரோ விரல் சொடுக்குற மாதிரி இருக்கு. சும்மா சொல்லக்கூடாது, பயமா இருக்கு."

எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. தலையணையில் கையை மடித்து வைத்தால் காதருகே யாரோ பொறுமையாக எண்ணிக்கொண்டிருப்பது போல இருக்கும். எதை எண்ணுகிறார்கள் என்பதுதான் தெரியாது.

அந்த வாரத்தில்தான் கல்லறைத் திருநாள் வந்தது. பெரியப்பா இறந்து எட்டு மாதம். ஒக்கலிபுரத்தில் குடியிருந்த ரயில்வே கார்டு. பச்சைக் கொடி, விசில், நேரம் தவறாமை. வீட்டிலும் சாப்பாட்டுக்கு விசில் ஊதித்தான் ஆட்களைக் கூப்பிடுவார். அவருக்கும் சர்க்கரை, ஆனால் வயசான சர்க்கரை. பெரியம்மா இருபது வருஷம் அவர் டம்ளரைக் காவல் காத்தார்.

பளிங்குக்கல் வருஷ முடிவில்தான் வைப்பதாக இருந்தது. அதுவரை மண்மேடு, தலைமாட்டில் ஒரு இரும்புச் சிலுவை. நாங்கள் போனபோது சாயங்காலம், தூறல். கல்லறை முழுக்க ஜனம் இருந்தும் யாரும் உரக்கப் பேசவில்லை. மெழுகுவர்த்திப் புகையும் ஈர மண்ணும் சேர்ந்து, பூமியே மூச்சு விடுவதுபோல் ஒரு வாசனை. தூரத்தில் பாடல் குழு ஒவ்வொரு கல்லறையாக நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் வந்தது, ஆட்கள் தெரியவில்லை.

நான் முட்டி போட்டு மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன். பெரியம்மாவுக்கு மூட்டு வலி. என் வலது கையை இறுக்கிப் பிடித்துத்தான் உட்கார்ந்தார், எழுந்தார். ஏதோ சுருக்கென்றது. பிடிதான் என்று நினைத்தேன். பிறகு கூடை கூடையாகச் செவ்வந்தியைக் கொட்டி, ஈர மண்ணில் அழுத்தி, மெழுகுவர்த்தி நட்டோம்.

ஃபாதர் வந்தார். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார்.

மண்ணுக்குள்ளிருந்து விசில் வந்தது.

பீப் இல்லை. மெல்லிய, நீளமான, இடைவெளியே இல்லாத விசில். பூக்களுக்கு அடியில், ஆழத்தில், ஒரு ரயில் கிளம்பப்போவதுபோல். பாட்டு ஒவ்வொரு குரலாக அறுந்தது. ஃபாதர் ஒரு அடி பின்னால் போய், பிறகு கடமையை நினைத்து, மூன்று முறை பலமாகத் தீர்த்தம் தெளித்தார். விசில் நிற்கவில்லை. கல்லறைக் காவலாளி ஓடி வந்து, "ஏனம்மா இது?" (என்னம்மா இது) என்று கன்னடத்தில் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் மெதுவாக வலது கையைத் தடவினேன். சட்டைக் கைக்குள் பிசின் மட்டும் இருந்தது. முட்டை இல்லை.

டெமோவில் சொல்லியிருந்தார்கள். மருந்து போகும் வழி அடைத்துக்கொண்டால் விடாமல் அலறும். மண் அடைத்திருக்கிறது. நிறுத்த ரிமோட் வேண்டும். ரிமோட் ஜீவனஹள்ளியில், என் மேஜை மேல். நான் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே அப்பா. ஃபாதர், பாடல் குழு, சுற்றிலும் ஐம்பது பேர். இதைவிடப் பெரிய கதை எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. புனேயை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா மண்மேட்டின் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தார்.

"தெரியும்ங்க. கேப்பீங்கன்னு தெரியும்." குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசி மாசம் நான்தான் போட்டேன். காபில. டெய்லி ஒரு ஸ்பூன் சக்கர. நீங்க அப்படி கெஞ்சுனீங்க, எனக்கு மனசு கேக்கல. டாக்டர்கிட்ட போடலன்னு பொய் சொன்னேன். அதனாலதான் போனீங்களோ என்னமோ. எட்டு மாசமா எனக்கு ஒரு வாய் காபி எறங்கலங்க. மன்னிச்சிடுங்க."

விசில் நின்றது.

படிப்படியாகத் தேயவில்லை. 'மன்னிச்சிடுங்க'வுக்குப் பிறகு, கத்தரித்தாற்போல். தூறலில் ஆடிக்கொண்டிருந்த சுடர்கள்கூட நேராக நின்றதாக எனக்கு ஞாபகம். (மிகைப்படுத்துகிறேன் என்று அம்மா சொல்கிறாள். ஆனால் அவளும் பார்த்தாள்.) ஃபாதர்தான் முதலில் "ஆமென்" என்றார். பெரியம்மாவின் முகம், மூட்டையை இறக்கி வைத்த கூலியாளின் முகம் மாதிரி ஆயிற்று.

நான் தப்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த முட்டை கடன் வாங்கிய டெமோ சாமான். எல்லோரும் பக்கத்துக் கல்லறை ஜெபத்துக்கு நகர்ந்ததும், சிலுவையை ஒட்டிக் குனிந்து பூவுக்குள் கை விட்டேன். வழவழப்பாக, ஐஸ்போலக் குளிர்ந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எழ முடியவில்லை.

யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். பின்னால் யாரும் இல்லை. மெதுவாக, உறுதியாக, கல்லறைப் பக்கமாக. நான் இன்ஜினியர். ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் தெரிந்தவள். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் ஒன்றுதான், பெரியப்பாவுக்குப் பொய் பிடிக்காது.

"பெரியப்பா, விடுங்க! விடுங்க பெரியப்பா! பெரியம்மா இல்ல, நான்தான்! ரெண்டையும் மாட்டிக்கிட்டேன்! அப்பாகிட்ட சொல்லல! விடுங்க!"

மொத்தக் கல்லறையும் திரும்பியது. அப்பா ஓடி வந்து போன் வெளிச்சத்தை அடித்தார். குழாய் பம்பின் குழாய் இரும்புச் சிலுவையின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நான் இழுக்க இழுக்க அதுவும் இழுத்திருக்கிறது. பெட்டி என் இடுப்பிலிருந்து கழன்று, சிலுவையில் இப்படியும் அப்படியும் ஆடியது. ஒட்டு பிய்த்துக்கொண்டது, வயர் மாட்டிக்கொண்டது. இரண்டு கம்பெனிக்காரர்களும் சொன்ன சொல் தவறாதவர்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா முட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் ஊதிச்சா?"

"ஆமா பெரியம்மா. சாரி."

"நீதான் நிறுத்துனியா?"

"இல்ல. ரிமோட் வீட்ல இருக்கு."

"தானா நிக்குமா?"

"நிக்காது."

"அப்போ நிறுத்துனது யாரு?"

மறுநாள் ஒட்டுக்காரரைக் கேட்டேன். "உள்ள தண்ணி போயிருக்கும் மேடம்" என்றார். என்ன தண்ணீர் என்று நான் சொல்லவில்லை.

காரில் திரும்பினோம். காக்ஸ் டவுன் தாண்டியதும் அப்பா, "இது கதைதானே?" என்றார்.

"கதைதான்பா."

பின்சீட்டிலிருந்து பெரியம்மா சொன்னார்: "கதையும் இல்ல, கிதையும் இல்ல தம்பி. உங்க அண்ணன் கேட்டாரு, நான் சொன்னேன், சரின்னாரு. அவ விசில் கொண்டுவந்து குடுத்தா. அவ்ளோதான். மொதல்ல வண்டிய ஒரு காபிக் கடையில நிறுத்துங்க."

அப்பாவால் அண்ணியை மீற முடியாது. வண்டி நின்றது. பெரியம்மா சர்க்கரை போட்ட காபி இரண்டு டம்ளர் குடித்தார். நான் புனேக்குப் போனேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கி, குழாய் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அறிவியல்தான். முட்டைக்குள் நிஜ இன்சுலின் இருந்து, ஊசியையும் நான் நிறுத்தியிருந்தால், அது போனது தெரியாமல் மணிக்கணக்கில் சர்க்கரை ஏறியிருக்கும். குழாய் மாட்டிக்கொள்ளும், ஆனால் மாட்டிக்கொண்டதை உடனே சொல்லும். நீச்சல் அடிப்பவர்களும் என்னைவிட நிதானமானவர்களும் முட்டையோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். சொல்லாமல் போகிறவர்கள் எனக்கு ஒத்துவர மாட்டார்கள். இப்போதும் எங்கள் வீட்டில் யார் துப்பட்டா கதவில் மாட்டினாலும், அம்மாவிலிருந்து அப்பாவரை எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "பெரியப்பா, விடுங்க!"

போன வாரம் பெரியம்மா புனேக்கு போன் செய்தார். கல்லறைத் திருநாளுக்கு வருகிறேனா என்று விசாரித்தார். டிக்கெட் போட்டாயிற்று என்றேன்.

"வரும்போது அந்த முட்டை மெஷினையும் கொண்டு வா ஜெனி."

"எதுக்கு பெரியம்மா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அவர்கிட்ட சொல்ல. சும்மா போய் சொன்னா கேட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒட்டுக்காரரைக் கூப்பிட்டு, தேதி முடிந்த டெமோ முட்டை ஒன்று கேட்டிருக்கிறேன். ரிமோட்டை இந்தத் தடவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகப்போகிறேன்.