ஆடிச் சீருக்கு ஐந்து டிஸ்க்

மணலூர்பேட்டை,
ஆடி 14.

மதிப்பிற்குரிய சம்பந்தி கந்தசாமி அவர்களுக்கும் சம்பந்தியம்மா லட்சுமியம்மாள் அவர்களுக்கும் தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி ஜெயசுதா, உங்கள் மருமகள் ரம்யா, மாடு இரண்டு, எல்லோரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், சம்பந்தியம்மாவின் முட்டிவலி தேவலையா என்பதையும், மாப்பிள்ளை பிரவீன்குமாரின் வலது தோள் எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். தோளைப் பற்றி ஏன் தனியாகக் கேட்கிறேன் என்பது கீழே வரும். பதற வேண்டாம்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்கக் கூடாது. போனில் என்றால் சம்பந்தியம்மா கேட்கும் இரண்டாவது கேள்விக்கே எனக்கு நாக்கு குழறிவிடும். விஷயம் இதுதான். உங்கள் தெரு பொன்னுரங்கம் மரவள்ளி விலை பேசக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போனவர், அங்கே ஒரு மேட்டில் மாப்பிள்ளையையும் ரம்யாவையும் பார்த்தேன் என்று உங்கள் வீட்டில் வந்து சொன்னாராம். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பிரசவம் வந்து நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தலை ஆடி விருந்தன்று எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் சம்பந்தியம்மா கற்பூரத்தைக் கொளுத்தி, "ஆடி முடியற வரைக்கும் ரெண்டு பேரையும் தனியா வுட மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க" என்று கேட்டார்கள், நானும் சொன்னேன். அந்தச் சொல்லை நான் மீறிவிட்டேன் என்று நினைத்து, ஆவணியில் என் மகளை வாசலோடு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான், அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆடிச் சீருக்கு என்ன வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். மோதிரம் வேண்டாம், துணி வேண்டாம், டிஸ்க் கோல்ஃப் விளையாட ஒரு செட் டிஸ்க் போதும் மாமா என்றார். தட்டு மாதிரி இருப்பதை வீசி, கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் விழ வைக்கிற விளையாட்டு என்று விளக்கினார். நானும் சங்கராபுரம் போய் ஜெராக்ஸ் கடை ராசுவை வைத்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்கிலும் நாலு நம்பர் போட்டிருந்தது. முதல் நம்பர் வேகம் என்றான். ரெண்டும் இருந்தது, பதிமூணும் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கொடுப்பதில் ரெண்டாம் நம்பரா வாங்குவது? கரும்புக்கு மோட்டார் வாங்கினாலும் நான் குதிரைசக்தி ஜாஸ்தியாகத்தான் வாங்குவேன். மூன்றாவது நம்பர் சிலதில் மைனஸில் இருந்தது. சீரில் மைனஸ் வரலாமா? கருப்பு நிறம் வரலாமா? எண்ணிக்கை இரட்டைப்படையில் வரலாமா? ஆகவே மைனஸ் இல்லாத, மஞ்சள் நிறமான, வேகம் பதிமூன்று உள்ள, இருப்பதிலேயே கனமான டிஸ்க் ஐந்து வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் வெற்றிலை பாக்கு வைத்துக் குங்குமம் இட்டுக் கொடுத்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை சொந்தக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். ரம்யாவின் முகம் சுருங்கிவிட்டது. கை கழுவுகிற இடத்தில், "எங்கப்பாவப் பாத்து இன்னாத்துக்கு சிரிச்சீங்க?" என்று கேட்டாளாம், அவர் ஏதோ சொல்ல, இவள் ஏதோ சொல்ல, அவர் பாயசம் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து போனும் கிடையாது, ஒரு மெசேஜும் கிடையாது. கல்யாணமாகி ஐம்பது நாள்கூட ஆகாத பிள்ளைகள். ஆடி முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. நான் வாங்கிய சாமானால்தானே சண்டை, சரியான சாமானை வாங்கிக் கொடுத்து அடைத்துவிடலாம் என்றுதான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாமா, அஞ்சும் ஒரே மாதிரி இருக்குது. தூரத்துக்கு ஒண்ணு, நடுவாந்தரத்துக்கு ஒண்ணு, கூடைகிட்ட போடறதுக்கு ஒண்ணுன்னு கலந்து இருக்கணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயசுதாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னாங்க நீங்க, தனிக்குடித்தனத்துக்கு அஞ்சு அண்டாவ வாங்கிக் குடுத்தா சோத்த எதுல போட்டுத் துன்றது?" என்றாள். முப்பது வருடத்தில் அவள் எனக்கு எதையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இதற்கப்புறம்தான் மலை. பெங்களூர்க் கடையில் பன்னிரண்டு டிஸ்க் அனுப்புவார்களாம், வீசிப் பார்த்து ஐந்தை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடலாமாம். எங்கே வீசுவது? என் நிலம் முழுக்கக் கரும்பு. உள்ளே ஒன்று விழுந்தால் வெட்டுக்குத்தான் வெளியே வரும். மாப்பிள்ளை ஆடியில் எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது, ரம்யா உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. ஆகவே யார் வீடும் இல்லாத பொது இடமாக, கல்வராயன் மலையில் எனக்குப் பலாப்பழம் கொடுக்கும் கருப்பண்ணனின் மேட்டு நிலத்தை முடிவு செய்தேன். வெறும் புல்லும் பாறையும். மாப்பிள்ளை கள்ளக்குறிச்சியிலிருந்து தன் மடக்குக் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் பஸ்ஸில் போனோம். ரம்யா எதற்கு என்று சம்பந்தியம்மா கேட்பார்கள். பன்னிரண்டு டிஸ்குக்கு நாலு நம்பர் வீதம் நாற்பத்தெட்டு நம்பர், எல்லாம் பொடி எழுத்து, என் கண்ணுக்குத் தெரியாது. நோட்டில் எழுத ஆள் வேண்டாமா?

ஏற்பாடு இப்படி. மாப்பிள்ளை வீசுவார், ரம்யா இருநூறு அடி தள்ளிக் கருப்பண்ணன் சம்சாரம் தைலம்மாளோடு உட்கார்ந்து எழுதுவாள், நடுவில் நான் காவல். ஆனால் முதல் வீச்சிலேயே மாப்பிள்ளைக்குத் தோள் பிடித்துக்கொண்டது. நான் வாங்கிய பதிமூன்றாம் நம்பரைப் பத்து நாளாக வீசிப் பழகியதில் தோள் நொந்துவிட்டதாம். "நீங்க போடுங்க மாமா, எது எப்டி வளையுதுன்னு நான் பாத்துச் சொல்றேன்" என்று பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தைலம்மாளுக்கு அடுப்பு ஞாபகம் வந்து போய்விட்டாள். வீசுகிறவன் நான், அவர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறவள் ரம்யா, இருநூறு அடி தள்ளி இருந்தால் எப்படிக் கேட்கும்? ஆகவே ஆறடி தள்ளி உட்கார வைத்தேன். ஆறடிக்குக் கம்மி இல்லை. என் கையால் அளந்து வைத்தேன்.

ஆடிக் காற்று மலையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் டிஸ்க் வலது பக்கம் போய்க் கருப்பண்ணனின் பலாமரத்தில் மாட்டிக்கொண்டது. ஏறி எடுத்தேன். இரண்டாவது இடது பக்கம் வளைந்து ஆட்டுப் பட்டிக்குள் விழுந்தது. மூன்றாவது, மைனஸ் மூன்று போட்டது, மேலே எழும்பி, நின்று, என் தலைக்கு மேலாகத் திரும்பிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் அந்த டிஸ்கையே மிகவும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரம்யாவின் கண் சிவந்திருந்தது. தூசி என்றாள். காற்று அப்படி. நாலாவதைத் தைலம்மாள் எடுத்துப் போய்க் கழுவி, அதில் களி உருண்டை வைத்துக் குழம்பும் ஊற்றி எனக்கே கொண்டுவந்துவிட்டாள். "விளிம்பு நல்லா இருக்குது, கொழம்பு வழியல" என்றாள். கருப்பண்ணன் ஒன்றை எடுத்து வீசினார், அம்பு மாதிரி நேராகப் போனது. "இன்னாண்ணா இது, தானா போவுற சாமானப் போயி முக்கி முக்கிப் போடுறீங்களே" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அது தேவைதான்.

பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. செட் என்றால் என்ன என்று இப்போது தெரிந்துகொண்டேன். வேகம் ஜாஸ்தியானது தேர்ந்த கைக்குத்தான் பறக்கும், என் மாதிரிக் கைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். மைனஸ் ஒன்றும் தரித்திரம் இல்லை, வளைவுக்கான கணக்கு, மெதுவாக வீசுகிறவனுக்கு அதுதான் கைகொடுக்கும். கூடைக்குப் பக்கத்தில் வந்தால் அந்த ரெண்டாம் நம்பர்தான் சங்கிலியில் பட்டுப் பதவிசாக உள்ளே விழும், பதிமூன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, தூரத்துக்கு ஒன்று, எதிர்க்காற்றுக்கு அசையாததாய் ஒன்று, வலப்பக்கம் வளைய ஒன்று, நடுவாந்தரத்துக்கு நேராய் ஒன்று, கூடையில் போட ஒன்று என்று ஐந்து எடுத்து வைத்திருக்கிறேன். கூடையில் போடுவது கருப்பு நிறத்தில்தான் நன்றாக அமைந்தது. மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன், சம்பந்தியம்மா மன்னிக்க வேண்டும்.

இந்தக் கூத்து நடந்த மூன்று மணி நேரமும் என் ஒரு கண் டிஸ்க் மேலும் ஒரு கண் பிள்ளைகள் மேலும்தான் இருந்தது. நம்பரைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவர்கள் பேசவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை. பொன்னுரங்கம் தூரத்திலிருந்து பார்த்ததால் ஆறடி அவருக்கு ஒரு அடியாகத் தெரிந்திருக்கும். வெயிலில் அப்படித் தெரிவது உண்டு.

மாப்பிள்ளையின் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கவும். சம்பந்தியம்மா முட்டிக்கு அப்படியே கொடுத்துக்கொள்ளலாம். உங்கள் இருவருக்கும் என் நமஸ்காரமும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ரம்யாவையும் ஐந்து டிஸ்கையும் ஒன்றாகக் கொண்டுவந்து விடுகிறோம்.

தங்கள் சொல் தவறாத சம்பந்தி,
தெ. தெய்வசிகாமணி

பி.கு. இந்தத் துண்டுச் சீட்டு சம்பந்திக்கு மட்டும். படித்ததும் கிழித்துவிடவும். மேலே ஐந்து டிஸ்க் என்று எழுதியிருக்கிறேன், கையில் இருப்பது நாலுதான். எட்டு டிஸ்க் வீசி முடித்தும் பிள்ளைகள் இரண்டும் நம்பரைத் தவிர வாயைத் திறக்கவில்லை. ரம்யா எழுதுகிற நோட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம். எனக்கு மனசு தாங்கவில்லை சம்பந்தி. கருப்பண்ணனும் தைலம்மாளும் வீட்டுப் பக்கம் போன நேரம் பார்த்து, இருப்பதிலேயே தூரம் போகிற டிஸ்கை எடுத்து, கூடைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்று, வேண்டுமென்றே பள்ளத்தில் வீசினேன். தேடிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கியவன் ஒன்றரை மணி நேரம் மேலே போகவில்லை. கற்பூரத்தின் மேல் சொன்ன சொல்லை மீறியது நான்தான். டிஸ்க் என் கண்ணெதிரே ஒரு புதர் மேல்தான் கிடந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்தால் மேலே ஏற வேண்டியிருக்கும். முதலில் சத்தமே இல்லை. பிறகு இரண்டு பேரும் கத்தினார்கள். பிறகு மறுபடி சத்தமே இல்லை, ஏறிப் போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் ரம்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.