முந்நூற்றுப் பன்னிரண்டு குழிகள்

"முந்நூத்திப் பதினொண்ணு, முந்நூத்திப் பன்னெண்டு. அப்பா, சதீஷ் அங்கிள் சட்டியிலயும் கரெக்டா முந்நூத்திப் பன்னெண்டு சுத்தியல் குழி!"

மகள் தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். ரகுநாதனும் அவளருகில் குந்தி உட்கார்ந்தார்.

வில்லாவின் கொல்லைப்புறத்தில் கால் வைத்த இரண்டு இரும்புக் கணப்புச் சட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று ரகுநாதனுடையது. இன்னொன்று பக்கத்து வில்லா சதீஷ்குமார் இன்று வாங்கி வந்து, காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வதற்காகத் தூக்கி வந்தது. துபாயில் குளிர்காலம் வந்துவிட்டால் போதும், பதினெட்டு டிகிரிக்கே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, வெளியில் விறகு எரித்துச் சுற்றி உட்காராவிட்டால் நம் ஆட்களுக்கு ஜன்மம் சாபல்யமாகாது.

"அந்தக் கோணல் குழியைப் பாரு, அதுவாவது மாறியிருக்கும்" என்றார் ரகுநாதன் ஈனஸ்வரத்தில்.

"அதுவும் அதே இடத்துல இருக்குப்பா. ட்வின்ஸ்."

அவர் சட்டி வாங்கிய கடை அல் கூஸ் தொழிற்பேட்டையில், பழைய கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக்கி நடத்துவது. சட்டியோடு ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். 'ஒரே கைவினைஞர், ஒரே சுத்தியல். இதன் தடங்கள் கைரேகை போன்றவை. உலகில் இன்னொன்று கிடையாது' என்று அதில் பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது. ரகுநாதன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

"உலகத்துல இன்னொண்ணு கிடையாது. ஆனா அடுத்த வீட்ல இருக்கு" என்றாள் மனைவி ஷியாமளா. "எங்க ஊர் மாரியம்மனுக்குத் தூக்கற தீச்சட்டி இதைவிட லட்சணமா இருக்கும். சொன்னா கேட்டாத்தானே?"

சட்டி போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் கௌரிசங்கர் வருகிறாரே, அதுதான் விஷயம். ரகுநாதனின் கம்பெனி மணிக்கு இரண்டாயிரம் பிளாஸ்டிக் வாளிகளைப் பிதுக்கித் தள்ளும் கம்பெனி. அதன் டைரக்டரோ தன் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைக்கூட அனுமதிக்காதவர். கைத்தறிச் சட்டை, கையால் வனைந்த மண் குவளை. "மெஷின் பொருளுக்கு ஆத்மா கிடையாது ரகு" என்று வாளிகள் குவிந்து கிடக்கும் கோடவுனில் நின்றபடி சொல்வார். ரீஜனல் மேனேஜர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. அந்த நாற்காலியை மனதில் வைத்துத்தான் ரகுநாதன் சட்டியைப் பற்றி அவரிடம் அளந்துவிட்டிருந்தார். "ஞாயிறு வர்றேன், பார்த்துடலாம்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

ரகுநாதன் கடைக்கு ஃபோன் போட்டார். ஸஹ்ரா என்ற பெண் எடுத்தாள். புகாரை முழுதும் கேட்டுவிட்டு, "கைவினைஞருக்கு இரண்டு நாளும் ஒரே மனநிலை இருந்திருக்கும் சார்" என்றாள். வேண்டுமானால் இன்னொரு சான்றிதழ் தருவதாகவும் சொன்னாள்.

மறுநாள் மாலை, சட்டியைச் சதீஷின் சட்டியிலிருந்து எப்படியாவது வேறுபடுத்திவிடுவது என்று அவரே சுத்தியலை எடுத்தார். முதல் அடி தரையில். இரண்டாவது கட்டைவிரலில். மூன்றாவதை ஆத்திரத்தில் போட்டதில் சட்டியின் ஒரு கால் மடங்கிக்கொண்டது. இப்போது அது கையால் செய்தது போலவும் இல்லை, மெஷினில் செய்தது போலவும் இல்லை. லாரி ஏறியது போல இருந்தது.

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் சட்டியைக் காரில் போட்டுக்கொண்டு அல் கூஸின் பின்சந்துகளுக்குப் போனார். சுத்தியல் வேலை தெரிந்த ஆள் யார் என்று கேட்டதற்கு, டீக்கடைக்காரர் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலைக் கை காட்டினார். டியூட்டி முடிந்து, நீலச் சீருடையும் கரி பிடித்த கையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், யே தோடா..." என்று ரகுநாதன் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார். நான் வேலுச்சாமி, சிவகங்கைப் பக்கம்."

சட்டியைப் பார்த்ததும் வேலுச்சாமியின் முகம் மலர்ந்தது. அதன் விளிம்பைத் தடவினார். "சார், இந்தச் சட்டி..."

"தெரியும்ப்பா. மெஷின்ல அடிச்சது. ஏமாந்துட்டேன்."

"அதில்ல சார், இது வந்து..."

"நீ ஒண்ணும் விளக்க வேண்டாம். இதைக் கையால அடிச்ச மாதிரி மாத்திக் குடு. அவ்வளவுதான்."

வேலுச்சாமி விழித்தார். "எப்படி அடிக்கணும் சார்?"

"உன் இஷ்டத்துக்கு அடி."

"குழி எங்க விழணும்னு அளவு அட்டை வெக்க வேணாமா?"

"வேண்டாம்."

"கோடாச்சும் போட்டுக்கவா?"

"கோடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

வேலுச்சாமி சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "யாரும் திட்ட மாட்டாங்களே?"

'சரியான மண்ணாந்தையிடம் மாட்டிக்கொண்டோம்' என்று ரகுநாதன் நொந்துகொண்டார். ஆனால் அந்த மனிதர் சுத்தியலை எடுத்த அழகு வேறாக இருந்தது. முதலில் தயங்கித் தயங்கி நாலு அடி. பிறகு இங்கே ஒன்று, அங்கே மூன்று. கொஞ்ச நேரத்தில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். சட்டியில் மேகம் மாதிரி, அலை மாதிரி என்னென்னவோ வந்தது. கால் மட்டும் நிமிரவில்லை. வெல்டிங் மெஷின் உள்ளே பூட்டிக் கிடந்தது.

"நாளைக்கு டியூட்டிக்கு நடுவுல ஒட்டித் தர்றேன் சார்."

"வேண்டாம், வேண்டாம். அது ஆடினாத்தான் கையால செஞ்சதுன்னு நம்புவாங்க." அதற்குள் ரகுநாதனுக்கு அடுத்த யோசனை உதித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே? எங்க வீட்டுக்கு வர்றே."

ஞாயிறு மாலை வேலுச்சாமிக்கு ரகுநாதனின் கதர் ஜிப்பாவைப் போட்டுவிட்டார்கள். "இவர்தான் இதைச் செஞ்ச கலைஞர்னு சொல்லுவேன். நீ தலையை மட்டும் ஆட்டணும்."

"அது நெசந்தானே சார்? நானே சொல்லணும்னு..."

"வாயே திறக்கக் கூடாது!"

டைரக்டர் வந்தார். சட்டியைக் கண்களை மூடித் தடவினார். வேலுச்சாமியின் காய்ப்புக் காய்த்த கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரகு, இதுல ஒரு மனுஷனோட மூச்சு இருக்கு. நம்ம வாளியில இது வருமா?"

ரகுநாதன் அந்த நொடியே மானசீகமாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டார்.

விறகை அடுக்கிப் பற்றவைத்தார்கள். தீ கொழுந்துவிட்டது. டைரக்டர் "ஆஹா" என்றார். மனிதனின் மூச்சு நிறைந்த அந்தச் சட்டி ஒருமுறை இப்படி ஆடியது, ஒருமுறை அப்படி ஆடியது, மூன்றாம் முறை மொத்த நெருப்பையும் கீழே கவிழ்த்தது. கீழே இருந்தது செயற்கைப் புல். அது எரியாமல் உருகி, டைரக்டரின் கையால் தைத்த செருப்பில் பச்சையாக ஒட்டிக்கொண்டது.

ஷியாமளா கம்பெனி வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தாள். பாதி வழியில் வாளியின் கைப்பிடி கழன்றுவிட்டது. குழாயைத் திருப்பி நெருப்பை அணைத்தவள் தாரிணிதான்.

"மானம் போகுதுங்க" என்று முணுமுணுத்த ஷியாமளா, மதிலுக்கு மேல் எட்டிக் குரல் கொடுத்தாள். "சதீஷ், உங்க சட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்!"

ரகுநாதன் தடுப்பதற்குள் சதீஷ்குமார் சட்டியோடு வந்தே விட்டார். சட்டி ஆணி அடித்தாற்போல நின்றது. டைரக்டர் குனிந்தார். குழிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இது?"

"கையால செஞ்சது சார்! சர்ட்டிஃபிகேட்டே இருக்கு" என்றார் சதீஷ்.

"பொய் சார்!" ரகுநாதன் பாய்ந்தார். "சுத்தமான மெஷின் சரக்கு. வரிசையைப் பாருங்க, ஒரு புள்ளி பிசகலை. இதே மாதிரி ஆயிரம் இருக்கும். ஆத்மாவே கிடையாது!"

டைரக்டர் நிமிரவில்லை. கைத்தறிச் சட்டைக்குள்ளிருந்து வாளி முதலாளி மெல்ல எட்டிப் பார்த்தார்.

"ஒரு புள்ளி பிசகலைதான்" என்றார். "நம்ம ஃபாக்டரி மெஷின் நூத்துக்கு நாலு வாளியைக் கோணலா தள்ளுது. கைப்பிடி கழண்டதை இப்போ நானே பார்த்தேன். ஆத்மாவை விடு ரகு. இது எந்த நாட்டு மெஷின்? என்ன விலையானாலும் வாங்கிடலாம். அது எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, அந்த ரீஜனல் சீட் உனக்குத்தான்."

"கண்டுபிடிச்சிடறேன் சார்!" ரகுநாதன் கை கூப்பினார். "நாளைக்கே அல் கூஸ் முழுக்கச் சல்லடை போட்டுடறேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கதர் ஜிப்பாவின் கையை மடித்துவிட்டபடி வேலுச்சாமி ஓர் அடி முன்னால் வந்தார்.

"எங்கயும் தேட வேணாம் சார், அந்த மெஷின் நாந்தான், பதினோரு வருசமா அட்டைய வெச்சு நாளைக்கு நாப்பது சட்டி இதே கையாலதான் அடிக்கிறேன், ஒரு குழி தள்ளிப் போனாலும் சூப்பர்வைசர் தூக்கி எறிஞ்சிருவாரு, ரகு சார் சட்டியும் நல்லா இருந்தவரைக்கும் நான் அடிச்சதுதான்னு வியாழக்கெழமைலேருந்து சொல்ல வர்றேன், சார்தான் வாயத் தொறக்கவே விடமாட்டேங்கறாரு!"