தைரியராஜ் இரவல் வாங்கிய பிள்ளை

தன் மனைவி ரோசம்மாளைக் குழந்தை வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை என்று தைரியராஜ் கடுமையாகத் தீர்மானித்தபோது, அவள் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எந்தச் சரக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் அவருக்கு விளங்குவதில்லை.

ஒரே மகளைப் போர்டிங் ஸ்கூலில் சேர்த்த பிறகு ரோசம்மாளுக்கு வீட்டில் வேலை குறைந்து போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தென்னூரில் ஒரு பழைய பங்களாவில் பாலசேவிகா பயிற்சி ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளையும் நடைபழகும் பிள்ளைகளையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பெண்களுக்குப் பாடம். காலை வகுப்பு. தேறினால் வேலை.

"பிள்ளை வளக்க டிரெயினிங்கா?" என்று பாய்ந்தார் தைரியராஜ். "எங்கம்மா எந்த டிரெயினிங்குக்குப் போயி என்னை வளத்தாங்க?"

ரோசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதப் பாத்துட்டுத்தாங்க நான் போறேன்."

"இதோ பாரு, டிரெயின் எங்க டிபார்ட்மெண்டு. டிரெயினிங் உனக்கு எதுக்கு?"

"உங்க டிரெயின் லேட்டா வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. நான் லேட்டாப் போனா டீச்சர் கேப்பாங்க. இட்லி மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

வாசற்கதவு சாத்திக்கொண்டது. பேச்சில் ஜெயித்தது யார் என்று அவர் இரண்டு இட்லி வரை யோசித்தார். மூன்றாவது இட்லியில்தான் அந்த யோசனை உதித்தது.

அடுத்த ஞாயிறே லால்குடிக்குப் பஸ் ஏறினார். அவருடைய அக்கா அக்னஸ் அங்கேதான் இருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. காலடியில் இரண்டு வயது அற்புதசாமி. பேருக்கேற்ற பிள்ளை. அவன் கை பட்டால் இருந்த பொருள் மறையும். இல்லாத இடத்தில் தோன்றும். அன்றைக்குத் தைரியராஜின் செருப்பு தண்ணீர்ப் பானைக்குள் தோன்றியிருந்தது.

"இவனைக் கொஞ்ச நாள் இரவல் குடுக்கா," என்றார் தைரியராஜ். "இவன் பின்னாடி ஓடி ஓடி அவளுக்குப் பிள்ளைங்கன்னாலே வெறுத்துப் போகணும்."

"தாராளமாக் கூட்டிட்டுப் போ தம்பி," என்றாள் அக்கா. "பொம்பளைக்கு என்னடா டிரெயினிங்கு? ரெண்டு நாள்ல அத விட்டுட்டு ஓடி வந்துடுவா பாரு."

அற்புதசாமி பஸ்ஸிலேயே கண்டக்டரின் விசிலைப் பறித்து ஊதினான். பஸ் நடுவழியில் நின்றது. தைரியராஜுக்கு மனம் குளிர்ந்தது.

வீட்டு வாசலில் பிள்ளையைக் கண்டதும் ரோசம்மாள் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வீட்டுல பழக ஒரு பிள்ளை இருந்தா நல்லதுன்னு டீச்சர் நேத்துத்தாங்க சொன்னாங்க. கேக்காமலே கொண்டாந்துட்டீங்களே! வெளியில பேசுறதுதான் கோவம், உள்ள தங்கம்!"

தைரியராஜ் பிள்ளையை இறக்கிவிட்டார். தங்கம் என்று சொன்னபின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் காலை ரோசம்மாள் சேலை மாற்றிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, பிள்ளையக் குளிப்பாட்டுறீங்களா, சாப்பாடு ஊட்டுறீங்களா?"

அவர் ஆழ்ந்து யோசித்தார். குளிப்பாட்டினால் தாமும் நனைய வேண்டும். "ஊட்டுறேன்," என்றார் மிடுக்காக. அவள் சொன்னதைக் கேட்காமல் தாமே முடிவு செய்த திருப்தி. தலைமுடியில் பருப்புச் சோறு அப்பிய பிறகுதான், எதற்காக ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற சந்தேகம் வந்தது.

இப்படியே தினமும் நடந்தது. கொடியில் துணி போடுவதா, தொட்டில் ஆட்டுவதா? அவர் தொட்டிலைத் தேர்ந்தெடுத்தார். குதிரையா, யானையா? அவர் யானையானார். ஒருநாள், "நாளைக்கு எனக்கு முழுநாள் வகுப்புங்க. லீவு இன்னிக்கே சொல்றீங்களா, நாளைக்குக் காலையில ஆள் விட்டுச் சொல்றீங்களா?" என்றாள். "இன்னிக்கே சொல்லிடுறேன். ஆபீஸ்னா ஒழுங்கு வேணும்," என்று கண்டித்தார்.

லீவு நாளன்று அற்புதசாமி அவருடைய மூக்குக்கண்ணாடியை மறையச் செய்தான். தேடித் தேடிப் பொறுமை போயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பாதை மங்கலாகத் தெரிய, அந்தப் பங்களாவுக்கே போய்விட்டார். எல்லார் முன்னாலும் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று ஜன்னல் வரை வந்தவர், உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ரங்கநாயகி டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வயசுக் குழந்தை எதைக் கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்லும். பால் குடிக்கிறியான்னு கேட்கப்படாது. வெள்ளி டம்ளர்ல வேணுமா, எவர்சில்வர்லயான்னு கேக்கணும். தானே தீர்மானம் பண்ணினதா அதுக்குப் பெருமை. பாலும் உள்ளே போயிடும்."

"பெரியவங்களுக்கும் இது சரிப்படுமா டீச்சர்?" என்றது ஒரு பெண் குரல்.

"ரோசம்மாளைக் கேளுங்கோ. அவ ஆத்துல நன்னா வேலை செய்யறதாம்."

வகுப்பே சிரித்தது. தைரியராஜுக்குச் சோறும் தொட்டிலும் யானையும் ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் ஓடின. வந்த சுவடு தெரியாமல் திரும்பி நடந்தார்.

சாயங்காலம் ரோசம்மாள் வந்ததும் எழுந்து நின்றார். "இனிமே என்கிட்ட அதுவா இதுவான்னு கேக்கவே கூடாது. சொல்லிட்டேன்!"

"சரிங்க, கேக்கலை. இதுக்குக் கோவமா இருக்கீங்களா, வருத்தமா இருக்கீங்களா?"

"வருத்தந்தான்," என்றார் தைரியராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு.

"அப்படின்னா காப்பி போட்டுத் தரேன்."

இனி அக்காவை விட்டால் கதியில்லை. அவள் சொல்லுக்கு யாரும் எதிர்ச்சொல் சொன்னதில்லை. போன ஞாயிறு பிள்ளையைப் பார்க்க வந்தபோதுகூட அடுப்படியில் ரோசம்மாளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். புத்தி சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உடனே வரும்படி ஆள் அனுப்பினார்.

அக்கா வந்தே விட்டாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் தகரப் பெட்டி.

"வாக்கா! அற்புதத்தோட துணிமணி எடுத்துட்டுப் போகவா பெட்டி?"

"இது என் துணிடா. திங்கக்கிழமை புது வகுப்பு ஆரம்பிக்குதாம். நானும் சேந்துட்டேன்."

"நீயா? மாமா எப்படிக்கா விட்டாரு?"

"அவரும் குதிக்கத்தான் குதிச்சாரு," என்று கைக்குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள் அக்கா. "ரோசம்மா சொல்லிக் குடுத்தபடி கேட்டேன். 'பிள்ளைங்க ரெண்டையும் நீங்க பாத்துக்கறீங்களா, தம்பி பாத்துக்கட்டுமா?'ன்னேன். யோசிக்கவே இல்லடா. தம்பியே பாத்துக்கட்டும்னு அவரே முடிவு பண்ணிட்டாரு."